ஆளில்லாத நாற்காலி

பி.பி.டி. பாக் என்று பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகியும் கொல்கத்தாவாசிகள் டல்ஹௌசி என்றே அழைக்கும் வட்டாரம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே அலுவலகக் கட்டடங்கள் காலியாக இருக்கும். படிக்கட்டு ஓரத்தில் தர்வான் கண்ணயர்ந்திருப்பார். மூன்றாவது மாடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். கதவில் பூட்டு. கதவுக்கு முன்னால், இந்த நகரத்தின் பெரும்பாலான வாசல்களில் இருப்பதைப் போல, இழுத்து மூடும் இரும்புக் கொலாப்சிபிள் கேட். அதற்குத் தனியாக ஒரு பூட்டு. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அணைக்கப்படாமல் இருக்கும். திரையில் பாஸ்வேர்டு கேட்கும் படம். ஆனால் அதே நேரத்தில் பெஹாலாவிலோ பாராசாத்திலோ தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணக்கர், அதே கம்ப்யூட்டரில் டேலியைத் திறந்து ஒரு வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் ஒருவர் நின்று பார்த்தாலும் இது தெரியாது.

கணக்கருக்குப் பதிலாக வேறொருவர் உள்ளே வந்திருந்தாலும் தெரியாது என்பதுதான் பிரச்னை.

தொலைவிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை இயக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் இதை 1998-ல் விண்டோஸ் என்.டி. 4.0-ன் தனிப் பதிப்பு ஒன்றில் கொண்டுவந்தது. 2001-ல் எக்ஸ்.பி. புரொஃபஷனலில் சேர்த்த பிறகு சாதாரண அலுவலகங்களின் கைக்கும் வந்தது. இதில் வந்துபோவது ஃபைல் அல்ல. அலுவலகக் கம்ப்யூட்டரின் திரை, படமாக வீட்டுக்கு வருகிறது. வீட்டில் தட்டும் விசைகளும் மௌஸின் அசைவும் அங்கே போகின்றன. இமெயிலில் ஒரு ஃபைலை அனுப்பினால் போவது அந்த ஒரு ஃபைல்தான். ரிமோட் டெஸ்க்டாப்பில் போவது நாற்காலியே. அதில் உட்காருபவர் கணக்கைத் திருத்தலாம், அழிக்கலாம், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் நடந்து போகலாம்.

கம்ப்யூட்டரும் இந்த நகரமும் பழைய சிநேகிதர்கள், பழைய விரோதிகளும்கூட. இந்தியாவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்று 1950-களின் நடுவில் வடக்கே பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில்தான் நிறுவப்பட்டது. அதனிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். 1960-களில் எல்.ஐ.சி. இங்கே கம்ப்யூட்டர் கொண்டுவர முயன்றபோது, வேலை போய்விடும் என்று அஞ்சிய தொழிற்சங்கத்தினர் இலாக்கோ ஹவுஸ் கட்டட வாசலில் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்தார்கள். அந்தக் காவல் சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வாசலில் நின்றால் கம்ப்யூட்டரைத் தடுத்துவிடலாம் என்ற காலம் அது. இன்றைய வாசல் எங்கே இருக்கிறது என்று பல அலுவலக முதலாளிகளுக்கே தெரியாது.

அந்த வாசல் பல இடங்களில் திறக்கப்பட்ட மாதம் மார்ச் 2020. 25-ம் தேதி ஊரடங்கு தொடங்கியது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் உள்ள பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு லேப்டாப் கொடுத்து, பாதுகாப்பான இணைப்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பின. கால் சென்டர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான நிபந்தனைகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் தளர்த்தியது. டல்ஹௌசியின் ஆடிட்டர்கள், படாபஜாரின் மொத்த வியாபாரிகள், ஆறேழு பேர் வேலை செய்யும் ஷிப்பிங் ஏஜென்டுகள் ஆகியோருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவர்களிடம் இருந்தது டேலி ஏற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டரும், கூப்பிட்டால் ஸ்கூட்டரில் வரும் ஒரு ஹார்டுவேர் பையனும்.

அந்தப் பையனைக் குறை சொல்வது சுலபம். நிதியாண்டு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. முதலாளி கேட்டது ஒன்றே ஒன்று: 'வீட்டிலிருந்து டேலி ஓட வேண்டும்.' அவர் பிராட்பேண்டு நிறுவனத்திடம் மாறாத ஐ.பி. முகவரி ஒன்றை வாங்கினார். ரௌட்டருக்குள் நுழைந்து, வெளியிலிருந்து 3389 என்ற எண்ணுக்கு வரும் எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி ஒரு வரி எழுதினார். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு என்று ஒதுக்கப்பட்ட கதவு எண் அது. கம்ப்யூட்டர் பாஷையில் போர்ட். அரை மணி நேர வேலை. டேலி ஓடியது. அந்த ஒரு வரி பல ரௌட்டர்களில் இன்றுவரை அப்படியே கிடக்கிறது. ஊரடங்கு போய்விட்டது, எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், கதவு மட்டும் திறந்திருக்கிறது.

தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் இந்தக் கதவை யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கு பதில் எளிது: எல்லோரும். இன்டர்நெட் முழுவதையும், ஒரு முகவரி விடாமல், தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இதைப் பகிரங்கமாகவே செய்கிறது. எந்த முகவரியில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அதில் தேடலாம். பழைய முறையில் அமைக்கப்பட்ட ரிமோட் டெஸ்க்டாப் என்றால் உள்நுழையும் திரையின் படமே அதில் கிடைக்கும். அந்தப் படத்தில் சில சமயம் ஊழியர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். திருடனுக்கு வேண்டிய இரண்டு தகவல்களில் ஒன்று அங்கேயே வந்துவிடுகிறது. மிச்சம் பாஸ்வேர்டு மட்டும். அது நிறுவனத்தின் பெயரும் வருடமும் சேர்ந்ததாக இருந்தால் அதிக நேரம் பிடிக்காது.

காஸ்பர்ஸ்கி நிறுவனம் உலக அளவில் கணக்கெடுத்தபோது, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டு ரிமோட் டெஸ்க்டாப்பை உடைக்கும் முயற்சிகள் பிப்ரவரி 2020-ல் 9.31 கோடி. மார்ச்சில் 27.74 கோடி. நம் ஆடிட்டரைத் தேடி யாரும் கொல்கத்தாவுக்கு வரவில்லை. 'நாங்கள் சின்ன அலுவலகம், எங்களிடம் என்ன இருக்கிறது' என்ற வாதம் எடுபடாமல் போவது இங்கேதான். தட்டிப் பார்க்கும் புரோகிராமுக்குச் சின்னது பெரியது தெரியாது.

உடைத்தவரே திருடுவார் என்றும் இல்லை. இந்தத் தொழிலில் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று தனித்தனியாக இருக்கிறார்கள். 2016 ஜூனில் எக்ஸ்டெடிக் என்ற ரகசியச் சந்தையைக் காஸ்பர்ஸ்கி அம்பலப்படுத்தியது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உடைக்கப்பட்ட 70,000-க்கும் மேற்பட்ட சர்வர்களின் சாவிகள் அங்கே விற்பனைக்கு இருந்தன. 173 நாடுகளின் சரக்கு. அதிகச் சரக்கு வந்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒரு சாவியின் ஆரம்ப விலை 6 டாலர். 2019 ஜனவரியில் அமெரிக்க, பெல்ஜிய, உக்ரேனிய அதிகாரிகள் அந்தச் சந்தையை மூடினார்கள். தொழில் வேறு கடைகளுக்கு இடம் மாறியது.

சாவியை வாங்கியவர் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபைல்களையெல்லாம் தன் பூட்டால் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. இதில் ஃபோபோஸ் என்ற கும்பல் பெரிய நிறுவனங்களைவிடச் சின்ன அலுவலகங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் குறிவைத்தது. திறந்துகிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப் அதற்குப் பிடித்த வழிகளில் ஒன்று. அந்தக் கும்பலை நிர்வகித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ரஷ்யர் தென் கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட செய்தி 2024 நவம்பரில் வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கைவரிசை, 1.6 கோடி டாலருக்கு மேல் வசூல் என்பது அமெரிக்க நீதித் துறையின் கணக்கு.

ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இது நடந்தால் போவது அவருடைய ஃபைல்கள் மட்டுமல்ல. ஐம்பது அறுபது வாடிக்கையாளர்களின் கணக்குகள், பான் எண்கள், வங்கி விவரங்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். 'பேக்கப் இருக்கிறது' என்பார்கள். எங்கே என்று கேட்டால், அதே கம்ப்யூட்டரின் பின்னால் யு.எஸ்.பி. வயரில் தொங்கும் டிஸ்க்கைக் காட்டுவார்கள். வந்தவர் முதலில் பூட்டுவது அதைத்தான்.

பாஸ்வேர்டு பலமாக இருந்தால் போதுமா? போதாது என்று 2019 மே மாதம் காட்டியது. அந்த மாதம் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு அவசரத் திருத்தம் வெளியிட்டது. ப்ளூகீப் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த ஓட்டை ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. பாஸ்வேர்டு எதுவும் தெரியாமலே உள்ளே நுழைய முடியும். ஆதரவை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்ட எக்ஸ்.பி.க்கும் சேர்த்துத் திருத்தம் வெளியிட்டார்கள் என்பதிலிருந்தே அபாயத்தின் அளவு புரியும். இரண்டு வாரம் கழித்து ஒரு நிபுணர் இன்டர்நெட்டைத் துழாவிப் பார்த்தபோது, ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் அந்த ஓட்டையை அடைக்காமல் இருந்தன.

மேற்கு வங்கம் இதைப் போன்ற ஒன்றை ஏற்கெனவே பார்த்திருந்தது. மே 2017-ல் உலகைச் சுற்றிய வானாக்ரை, மேற்கு மேதினிபுர மாவட்டத்தில் மாநில மின் விநியோக நிறுவனத்தின் சில அலுவலகங்களையும் தொட்டது. அது நுழைந்தது ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அல்ல. ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு கதவு வழியாக. ஆனால் இரண்டு மாதம் முன்பே திருத்தம் வந்தும் போடாமல் விட்டது, வெளியே தெரியக் கூடாத கதவு வெளியே தெரிந்தது என்று கதை அதேதான்.

சின்ன அலுவலகங்களில் திருத்தம் போடாததற்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணமல்ல. சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்ய முடியும். நாலு பேர் ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்ய வேண்டுமென்றால் சர்வர் பதிப்பும், ஆளுக்கொரு லைசென்ஸும் வாங்க வேண்டும். அது பணம். எனவே அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் ஒரு குட்டி புரோகிராமைப் போடுவார்கள். மைக்ரோசாஃப்ட் அனுப்பும் திருத்தம் அதைக் கெடுத்துவிடும். ஆகவே திருத்தம் வருவதையே நிறுத்திவிடுவார்கள். மிச்சமான லைசென்ஸ் கட்டணம் இப்படித்தான் திறந்த ஓட்டையாக மாறுகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்வது?

பல ஹார்டுவேர் கடைகள் சொல்லும் பரிகாரம், 3389-ஐ வேறு எண்ணுக்கு மாற்றுவது. வீட்டு எண் பலகையைக் கழற்றிவிட்டால் திருடன் வரமாட்டான் என்பதைப் போன்றது இது. சந்தடி கொஞ்சம் குறையும். ஆனால் தட்டிப் பார்க்கும் புரோகிராம்களால் 65,535 எண்களையும் தட்ட முடியும்.

செய்ய வேண்டியது அந்த நகரத்து வாசல்களிலேயே இருக்கிறது. வீட்டுக் கதவு நேராகத் தெருவைப் பார்த்துத் திறக்காது. முன்னால் ஒரு கொலாப்சிபிள் கேட் இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அந்த கேட், வி.பி.என். என்ற மறைவான சுரங்கப் பாதை. வீட்டிலிருக்கும் கணக்கர் முதலில் வி.பி.என்.னுக்குள் நுழைந்து தன்னை நிரூபிக்க வேண்டும். நுழைந்த பிறகுதான் அலுவலகக் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியும். தெருவில் போகிறவருக்கு அந்தக் கதவு தெரியாது. 3389-க்காக ரௌட்டரில் எழுதிய வரியை அழித்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் இதற்கு மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வேயைப் பயன்படுத்துகின்றன. ஆறு பேர் அலுவலகத்துக்கு வி.பி.என். வசதியுள்ள ஒரு நல்ல ரௌட்டர் போதும். வயர்கார்டு, ஓபன் வி.பி.என். போன்ற சாஃப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரிந்த ஒருவர் அரை நாள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த அரை நாளுக்கு கூலி கொடுக்க மனம் வராததே நிஜமான தடை.

கேட்டும் துருப்பிடிக்கும். 2021 செப்டம்பரில் ஃபோர்டிநெட் நிறுவனத்தின் வி.பி.என். கருவிகள் சுமார் 87,000-க்கான பாஸ்வேர்டுகள் கசிந்தன. ஓட்டைக்குத் திருத்தம் 2019-லேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். போட்டவர்களிலும், திருத்தத்துக்கு முன்பே திருடு போன பாஸ்வேர்டை மாற்றாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அதனால்தான் பாஸ்வேர்டோடு இன்னொன்றும் வேண்டும்: மொபைலில் ஒவ்வொரு முறையும் மாறும் எண், அல்லது கையில் வைத்துக்கொள்ளும் சிறு சாவிக் கருவி. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்த இரண்டாவது பூட்டு தானாக வருவதில்லை. வி.பி.என்.னிலோ கேட்வேயிலோதான் வைக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்கு 2024-ல் நேர்ந்ததைப் பார்க்கலாம். அந்த நாட்டின் மருத்துவ பில்களில் பெரும் பங்கு அதன் வழியாகத்தான் போகிறது. பிப்ரவரி 12-ம் தேதி, தொலைவிலிருந்து கம்ப்யூட்டர்களை இயக்க உதவும் ஒரு நுழைவாயில் வழியாக, திருடிய பாஸ்வேர்டோடு ஒருவர் உள்ளே வந்தார். அந்த நுழைவாயிலில் இரண்டாவது பூட்டு இல்லை. ஒன்பது நாள் உள்ளேயே உலவிவிட்டு எல்லாவற்றையும் பூட்டினார். மருந்துக் கடைகளில் இன்சூரன்ஸ் ஓடவில்லை. மருத்துவமனைகளுக்குப் பணம் வரவில்லை. தாய் நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ விட்டி மே 1-ம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் உட்கார்ந்து இதையெல்லாம் ஒப்புக்கொண்டார். கொடுத்த பணம் 2.2 கோடி டாலர். விவரங்கள் கசிந்தவர்கள் சுமார் 19 கோடிப் பேர். இவ்வளவுக்கும் காரணம் பூட்டப்படாத ஒரு கேட்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள், பெரும்பாலும் செலவில்லாதவை. நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் என்ற வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. யார் என்று நிரூபித்த பிறகுதான் திரையே தெரியும். ஷோடானில் பெயர்ப் பட்டியல் வராது. பத்துத் தடவை தவறான பாஸ்வேர்டு போட்டால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும் வழக்கத்தை 2022-ல் விண்டோஸ் 11-ன் புதிய பதிப்பில் மைக்ரோசாஃப்ட் தானாகவே வைத்தது; பழையவற்றில் நாமே வைக்க வேண்டும். கணக்கருக்கு டேலி ஓட்டும் உரிமை போதும். முழு அதிகாரம் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில் அவர் நுழைய வேண்டியதில்லை. வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே நீக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்வது அபூர்வம். பேக்கப் டிஸ்க்குகள் இரண்டாக இருக்கட்டும். ஒன்று எப்போதும் கழற்றி வேறு இடத்தில்.

கணக்கரின் வீட்டுக் கம்ப்யூட்டரும் இந்தக் கணக்கில் வருகிறது. பகலில் டேலி பார்க்கும் அதே கம்ப்யூட்டரில் இரவில் பையன் திருட்டு கேம் இறக்கினால், அதோடு வரும் உளவு புரோகிராம் பிரௌசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும். சுரங்கப் பாதை எவ்வளவு பலமாக இருந்தாலும் அதன் இந்த முனை பெஹாலாவில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது பூட்டை உடைத்து வருபவர்களைப் பற்றி. கொல்கத்தாவுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. அது, உள்ளே இருப்பவரைக் கொண்டே பூட்டைத் திறக்க வைப்பவர்களைப் பற்றியது. அந்தத் தொழிலின் முகவரிகளில் ஒன்றாக இந்த நகரமே பேர் வாங்கியிருக்கிறது.

செக்டர் ஃபைவில் இரவு முழுவதும் எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை நியாயமான வேலைக்காக எரிபவை. இங்கே இரவு, அமெரிக்காவில் பகல். அந்தக் கால வித்தியாசத்தை வேறு சிலரும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் ஒரு முதியவரின் திரையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று ஒரு அறிவிப்பு தோன்றும். கூப்பிட்டால் மறுமுனையில் மரியாதையான ஆங்கிலம். ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்பார்கள். உள்ளே வந்ததும், விண்டோஸ் தன் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறித்துவைக்கும் பட்டியலைத் திறப்பார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் அதில் சிவப்புக் குறிகள் இருக்கும், ஆபத்தானவை அல்ல. 'பாருங்கள், இவ்வளவு வைரஸ்' என்பார்கள். இன்னொரு வகையில், பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கிப் பக்கத்தைத் திறக்கவைத்து, திரையில் தெரியும் எண்களை மட்டும் மாற்றுவார்கள். 200 டாலர் வர வேண்டிய இடத்தில் 20,000 வந்துவிட்டதைப் போலத் தெரியும். மிச்சத்தைத் திருப்பி அனுப்பும்படி கெஞ்சுவார்கள். முதியவர் தன் சொந்தப் பணத்தை அனுப்புவார். இதில் எந்தப் பூட்டும் உடைபடவில்லை. இணைப்பு முழுக்க முழுக்கப் பாதுகாப்பானது. வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது.

2022 மே மாதம் மார்க் ரோபர் என்ற அமெரிக்கர் யூடியூபில் வெளியிட்ட வீடியோ, கொல்கத்தாவின் இப்படிப்பட்ட கால் சென்டர்களுக்குள் ஆட்களை அனுப்பி எடுத்தது. பளபளப்புத் தூளும் கரப்பான்பூச்சியும் பறந்த அந்த வீடியோவைக் கோடிக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். இந்த நகரத்தில் நேர்மையாக டெலிபோன் வேலை செய்து பிழைக்கும் இளைஞர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்தவை உள்ளிட்ட புகார்களின் பேரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சி.பி.ஐ. நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது.

அந்த வீடியோவுக்கு உதவியவர்களில் ஒருவர் ஜிம் பிரௌனிங் என்ற புனைபெயரில் இயங்கும் வட அயர்லாந்துக்காரர். ஏமாறுபவரைப் போல நடித்து, மோசடிக்காரர்களைத் தன் கம்ப்யூட்டருக்குள் வரவிட்டு, அதே இணைப்பைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கம்ப்யூட்டருக்குள் இவர் போய்விடுவார். 2020 மார்ச்சில் பி.பி.சி. ஒளிபரப்பிய நிகழ்ச்சியில், டெல்லி அருகே ஒரு கால் சென்டரின் கேமராக்களையே அவர் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பாதை இரண்டு பக்கமும் திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. அப்படிப்பட்டவரே 2021 ஜூலையில் யூடியூபின் உதவிப் பிரிவு என்று நடித்த ஒருவரை நம்பித் தன் சேனலைத் தானே அழித்துவிட்டார். பிறகு மீட்டது வேறு கதை.

இங்கேயும் இது புதிதல்ல. எனிடெஸ்க் என்ற சாஃப்ட்வேரை மொபைலில் இறக்கவைத்து, அதில் வரும் ஒன்பது இலக்க எண்ணை வாங்கிக்கொண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. சாஃப்ட்வேரில் குற்றம் இல்லை. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கணக்கும் தெரிந்தவர்களாக இந்த நகரத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். 'அப்பா, அந்த எண்ணைப் படிங்கோ' என்று கேட்டு, அங்கிருந்தே கம்ப்யூட்டரைச் சரிசெய்து, பென்ஷன் ஃபாரத்தை நிரப்பித் தருகிறார்கள். மயிலாப்பூரிலும் மாட்டுங்காவிலும் இதுவேதான் நடக்கிறது. அந்த வசதியை வேண்டாம் என்பது அபத்தம். பிள்ளை கேட்டால் அப்பா எண்ணைப் படிக்கலாம். வங்கி என்றோ மின்வாரியம் என்றோ சொல்லிக்கொண்டு தானாகக் கூப்பிட்டவர் கேட்டால் போனை வைத்துவிட வேண்டும். வங்கிக்கு யாருடைய திரையையும் பார்க்க வேண்டிய தேவை கிடையாது. வேலை முடிந்ததும் பிள்ளையே அந்த சாஃப்ட்வேரை மூடிவைப்பது நல்லது. ஆளில்லாதபோதும் நுழைய ஒரு நிரந்தர பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம் என்று அது ஆசை காட்டும், தேவையில்லை. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்த முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.

அலுவலகங்களுக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவின்படி, கம்ப்யூட்டருக்குள் யாராவது அத்துமீறி நுழைந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தெரிந்தால்தானே தெரிவிப்பது? டல்ஹௌசியின் அந்தக் கம்ப்யூட்டரில் தோற்றுப்போன நுழைவு முயற்சிகளின் பட்டியல் தானாகவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்த சின்ன அலுவலகங்கள் குறைவு. பார்த்தால், ஒரு இரவில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கலாம். 3389-ஐ ரௌட்டரில் மூடிய மறுநாள் அந்தப் பட்டியல் திடீரென்று மௌனமாகிவிடும்.

இதற்கெல்லாம் நல்ல காலம் பூஜைக்கு முந்தைய வாரம். சஷ்டி முதல் தசமி வரை கொல்கத்தா அலுவலகங்கள் மூடிக் கிடக்கும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்க ஆள் இருக்காது. 2021 ஜூலையில் அமெரிக்க சுதந்திர தின விடுமுறையின்போது கசேயா நிறுவனத்தின் சாஃப்ட்வேர் வழியாக நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பூட்டப்பட்ட பிறகு, விடுமுறை நாட்களையே திருடர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்தார்கள். நுழைந்தவருக்கு ஐந்து நாள் அவகாசம் கிடைத்தால் அவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஏகாதசி அன்று திரும்பி வருபவர்தான் அவசரப்பட வேண்டியிருக்கும். எனவே விடுமுறைக்குக் கிளம்பும்போது, கொலாப்சிபிள் கேட்டை இழுத்துப் பூட்டும் முன் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகும்படி விவரம் தெரிந்த ஹார்டுவேர் ஆட்கள் சொல்வார்கள். முதலாளிகள் சிலர் சம்மதிக்கமாட்டார்கள். குடும்பத்தோடு புரிக்குப் போனாலும், கடற்கரையில் உட்கார்ந்து ஒரு தடவை கணக்கைப் பார்க்க அவர்களுக்கு ஆசையாக இருக்கும்.